அடுத்தவன் சொன்னது

ஃபாதரின் ஜீப் ஏலக்காட்டு வளைவில் முக்கி முனகி ஏறும் சத்தம் கேட்டதும் மரியஜோசப் தங்கையை அடுப்படிக்குள் இழுத்தான்.

"அவஸ்தை பூச அப்பாவை நீதான் சம்மதிக்க வைக்கணும் லிஜி. நான் கேட்டா மூஞ்சியத் திருப்பிக்கிடுதாரு. கடைசி எண்ணெய் பூசாமப் போனா அம்மா கல்லறைக்குப் பக்கத்துல இடங்கிடையாதுன்னு கோயில் கமிட்டிக்காரங்க சொல்லிட்டாங்க."

லிஜி குனிந்து அடுப்பில் விறகைத் தள்ளினாள்.

"ஒழுங்கா பூசைக்குப் போயிட்டிருந்த மனுசன். நீ மதுரைக்குத் தத்துவம் படிக்கப் போய்த்தான் கெட்டாரு."

ஆனைக்கரை உலர்த்து ஸ்டோரில் ஏலக்காய் உலரும் இரவுகளில் அப்பா ஏசுரத்தினம் அடுப்புத் தீயை விட்டுக் கண்ணயரக் கூடாது. தூக்கத்தை விரட்ட மகளுக்குப் போன் போடுவார். அவள் அன்றைய வகுப்பைச் சொல்வாள். ஒரு தத்துவஞானி சொன்னதை நூறு வருடம் கழித்து வந்தவர் மறுப்பார், அவரை இன்னொருவர் மறுப்பார். "செத்தவன்கிட்டயே மல்லுக்கு நிக்கான் பாரு" என்று சிரிப்பார் அப்பா. நெஞ்சு கெட்டுப் படுத்த பிறகும் அது நிற்கவில்லை. விறகு தீர்ந்தால் தீ எங்கும் போவதில்லை, உயிரும் அப்படித்தான் என்ற ஒரு ஞானியோடு நேற்று நிறுத்தியிருந்தாள்.

"அடுத்து வந்தவன் மோட்சம் உண்டுன்னு சொல்லி முடிச்சு வச்சிட்டான்னு சொல்லிரு. அவருக்கென்ன தெரியவா போவுது?" என்றான் மரியஜோசப்.

கட்டிலருகே அவள் உட்கார்ந்ததும் அப்பா கண் திறந்தார்.

"அடுத்தவன் என்னட்டி சொன்னான்?"

வாசலில் ஜீப் நின்றது. அண்ணன் அவள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றான்.

"தீ வேற, உயிர் வேறன்னாருப்பா. உயிருக்கு அழிவில்லைன்னாரு."

அண்ணன் மூச்சு விட்டான்.

"பெறகு?"

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். தோளில் அண்ணனின் விரல்கள் அழுந்தின.

"அதுக்கடுத்தவரு, ரெண்டையும் மனுச புத்தியால நிரூபிக்க முடியாதுன்னாரு."

"அப்ப இன்னும் முடியலை."

"முடியலைப்பா."

ஏசுரத்தினம் கூரைத் தகரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே ஃபாதர் இருமினார்.

"பின்ன அவரை எதுக்கு வாசல்ல நிக்க வச்சிருக்கீங்க? வரச் சொல்லு. அவரும் சொல்லட்டும்."

உள்ளங்கைகள் இரண்டையும் எண்ணெய்க்கு விரித்து வைத்தார்.

அன்று சாயங்காலமே அப்பா போய்விட்டார்.

மறுநாள் அம்மாவின் கல்லறைக்குப் பக்கத்தில் குழி வெட்டியிருந்தது. ஒவ்வொருவராகச் சாம்பிராணி போல மணக்கும் குந்திரிக்கம் அள்ளி உள்ளே போட்டார்கள். லிஜி மட்டும் கையை மூடியபடி நின்றாள். மரியஜோசப் அவளருகே வந்தான். குழியைப் பார்த்தபடியே, மற்றவர்களுக்குக் கேட்காமல் கேட்டான்.

"அதுக்கும் அடுத்தவன் என்ன சொன்னான்?"

அவள் கையை விரித்தாள். வியர்வையில் குந்திரிக்கம் உள்ளங்கையோடு ஒட்டியிருந்தது.