கட்டம் போட்ட தரை

1

இந்தக் கதை ஒரு தப்பிலிருந்து பிறந்தது. தப்பைச் செய்தவன் நான். இதை முதல் பத்தியிலேயே ஒத்துக்கொள்ள நான்கு பிரதிகள் ஆயின. முதல் மூன்றிலும் பழியைக் கொத்தனார் மேல் போட்டிருந்தேன்.

(அடித்துவிட்ட தொடக்கம்: கொத்தனார் அந்த வீட்டுக்குள் நுழைந்த அன்று அக்காவின் கால்கள்...)

வேண்டாம். கொத்தனார் நல்ல மனிதர். "தரை நல்லாத்தானே சார் இருக்கு, எதுக்குப் பேர்க்கணும்?" என்று இரண்டு தடவை கேட்டார்.

2

அக்கா டைப்பிஸ்ட்டாக இருந்து ஓய்வுபெற்றவள். நான் உயிரியல் வாத்தியார். இந்த வயதில் மறுபடியும் அப்பா கட்டிய வீட்டில் இருவருமாக இருக்கிறோம். கூடத்தில் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட தரை. சின்ன வயதில் கறுப்பில் மட்டும்தான் கால் வைக்க வேண்டும். வெள்ளையில் பட்டால் செத்தோம். அக்கா செத்ததே இல்லை. நான் தினமும் சாவேன்.

என் பழைய கதைகளை அவள்தான் ஆபீஸில் டைப் அடித்துக் கொடுத்தாள். பக்கத்து மேசைக்காரியிடம் ஊர்வம்பு பேசிக்கொண்டிருப்பாள், விரல்கள் தம் பாட்டுக்கு ஓடும். ஒருநாள், "'ழ' எங்கக்கா இருக்கு?" என்று கேட்டேன். விழித்தாள். பிறகு கையைத் தூக்கிக் காற்றில் தட்டிப் பார்த்து, "இங்க" என்றாள்.

3

(இங்கே கொஞ்சம் பாடம் வரும். "ஆரம்பிச்சிட்டான் வாத்தி" என்பாள் அக்கா. நீங்களாவது பொறுத்துக்கொள்ளுங்கள்.)

மூளையின் உள்ளாழத்தில், பக்கத்துக்கு ஒன்றாக, வரியுடலம் இருக்கிறது. வெட்டிப் பார்த்தால் சாம்பல் நிறத்தின் நடுவே வெள்ளை நரம்பிழைகள் கோடு கோடாகத் தெரியும். பெயர் வந்தது அப்படித்தான். அதில் வால்போல் வளைந்த பகுதி, இதைச் செய்தால் என்ன கிடைக்கும் என்று பார்ப்பதில் பங்கெடுக்கும். வெளிப்புறம் ஓடுபோல் அமைந்த பகுதி, செய்து செய்து பழகியதை ஏற்றுக்கொள்ளும். 'ழ' இருக்கும் இடம் அக்காவுக்குத் தெரியாமல் விரலுக்குத் தெரிந்தது அதனால்தான்.* எந்த அசைவை விடுவது, எதை அடக்குவது என்கிற தேர்வில் வரியுடலத்துக்குப் பெரிய பங்கு. அதற்கு டோபமின் என்கிற வேதிப்பொருள் வேண்டும். நடுமூளையிலிருந்து அதைக் கொண்டுவரும் செல்கள் அழிந்துபோனால் பார்க்கின்சன் நோய். தானாக வந்த நடை தானாக வராது.

* அது மட்டுமே இல்லை. சிறுமூளையும் பெருமூளைப் புறணியும் கூட்டாளிகள். சொல்லாமல் விட வாத்தியாருக்கு மனசு கேட்கவில்லை.

4

அக்காவுக்கு அந்த நோய் வந்து ஆறு வருடம். கூடத்தில் மட்டும் நன்றாக நடந்தாள். ஏன் என்று நான் யோசிக்கவே இல்லை. பழைய கட்டங்களின் விளிம்பு தட்டி விழுந்துவிடுவாளோ என்று பயந்தேன். தன் மகள் வீட்டுக்கு அவள் போயிருந்த பத்து நாளில் தரையைப் பெயர்த்து, ஒரே நிறத்தில், இணைப்புகூடத் தெரியாமல், வழவழவென்று போட்டுவைத்தேன். அவள் சந்தோஷப்படுவாள் என்று...

திரும்பி வந்தவள் உள்ளே இரண்டு எட்டு வைத்தாள். நின்றுவிட்டாள். பாதம் தரையோடு ஒட்டிக்கொண்டது.

"வாக்கா" என்று கையைப் பிடித்து இழுத்தேன்.

"இழுக்காதடா, விழுந்துடுவேன்." பிறகு குனிந்து பார்த்தாள். "எங்கடா என் தரை?"

பெட்டியோடு பின்னால் நின்ற மகள் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "மாமா, அடுத்த ஞாயித்துக்கிழமை வரேன். அம்மா அவங்க ரூம்லேர்ந்து தானா நடந்து வந்து கதவத் திறந்தா இங்கயே இருக்கட்டும். இல்லன்னா நான் கூட்டிட்டுப் போயிடுவேன்."

5

இந்தக் கதையில் தம்பி (அதாவது நான்) என்கிற பாத்திரத்தை நான் நம்பவில்லை. தரையில் குறுக்குக் கோடுகள் கண்ணில் பட்டால், தானாக வராத அடியைச் சிலரால் பார்த்துப் பார்த்து வைக்க முடியும். மூளை வேறு வழியைப் பிடித்துக்கொள்ளும். இதைக் கரும்பலகையில் வரைந்தே நடத்தியவன் அவன். காலடியில் இருந்த கட்டங்களை மட்டும் எப்படிப் பார்க்காமல் போனான்?

இதுவரை எழுதியதை அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன்.

"என்னடா அழுவாச்சியா இருக்கு? நான் என்ன போயா சேந்துட்டேன்?"

"முடிவு எப்படி வைக்கட்டும்?"

"முதல்ல கோடு போடு. முடிவ அப்புறம் வைக்கலாம்."

கறுப்பு டேப் வாங்கிவந்து, மண்டி போட்டு, அவள் வைக்கும் எட்டுக்கு ஒன்றாகக் குறுக்கே ஒட்டினேன். "கோணலாப் போவுது வாத்தி" என்று நாற்காலியிலிருந்து மேற்பார்வை பார்த்தாள். அறையிலிருந்து கதவுவரை பதினெட்டுக் கோடுகள். செவ்வாயன்று ஐந்துவரை மிதித்து வந்தாள். வெள்ளியன்று பன்னிரண்டு.

6

முடிவு ஒன்று: பதினெட்டையும் மிதித்துக் கதவைத் திறக்கிறாள். (ஆசை எழுதியது.)

முடிவு இரண்டு: பன்னிரண்டில் நின்றுவிடுகிறாள். மகள் துணிகளை எடுத்து அடுக்க ஆரம்பிக்கிறாள். (பயம் எழுதியது.)

இன்று ஞாயிறு. அழைப்பு மணி அடித்துவிட்டது. "நீ எழுந்து வந்த, கொன்னுடுவேன்" என்று அக்கா சொல்லியிருப்பதால் மேசையிலேயே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். பன்னிரண்டாவது கோட்டின் மேல் நிற்கிறாள். ரொம்ப நேரமாக நிற்கிறாள்.

"வாத்தி."

"என்னக்கா?"

"எல்லாம் கறுப்புதானே ஒட்டியிருக்க?"

"ஆமாக்கா."

"அப்ப நான் சாக மாட்டேன்."

வலது குதிகால் மேலே வருகிறது. இதற்கு மேல் நான் எழுதினால் ஆசை எழுதும், இல்லையென்றால் பயம் எழுதும். அந்தக் காலை நீங்கள் இறக்கி வையுங்கள். கறுப்பில் மட்டும்.