பத்தாவது இணைப்பு

1

ஓர் உயிரின் விலை மாதம் எண்பது. வரி தனி. நானாகச் சொல்லவில்லை, தொலைபேசிக் கம்பெனியின் விலைப்பட்டியல் சொல்கிறது: அவசரக் கூட்டு அழைப்பு, ஓர் இணைப்புக்கு எண்பது. பத்துப் பத்தாகத்தான் விற்பார்கள். பதினொன்று கேட்டால் இருபதுக்குப் பில் வரும்.

இந்தக் கதையும் எனக்குத் தானாகத் தோன்றியதல்ல. பேரம் பேசி வாங்கினேன். விற்றவர் ஒரு குளிர்பதனக் கிடங்கின் அலுவலகத்தில் தொலைபேசிகளைப் பார்த்துக்கொள்பவர். எல்லோருக்கும் போன் அக்கா.

"எழுதிக்கோங்க. ஆனா என்னைப் பெரிய தியாகி ஆக்கிடாதீங்க."

"கொஞ்சமாவது?"

"ஒரு சொட்டுகூட வேணாம்."

அந்த விலைக்கே முடித்தோம்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: அபாயமணி அலறியது, போன் அக்காவின் இதயம்

[இங்கேயே விட்டுவிட்டேன். மணி பல மாதமாகப் பழுது. இதயம் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை.]

நடந்தது இது. ஒரு மதியம் மெஷின் ரூமில் அம்மோனியா கசிந்தது. அங்கே பொறுப்பில் இருந்தவர் அதைப் பின்பக்கக் குழாய் வழியே வெளியேற்ற வேண்டும். அதற்குமுன், பின்முற்றத்தில் மூட்டை தூக்குகிறவர்கள் யாரும் இல்லை என்று அவருக்குத் தெரிய வேண்டும். கூட்டு அழைப்பு வைத்திருந்ததே இதற்குத்தான். முதலாளியையும் சேர்த்து அதிகாரிகள் எட்டு, போன் அக்கா ஒன்று, மெஷின் ரூம் ஒன்று. ஆக, பத்து. அக்காவின் திட்டம் கச்சிதம்.

அதில் ஒன்றுதான் விட்டுப்போயிருந்தது. பஸ் ஜன்னல் வழியே துண்டு போடுகிற மாதிரி, அதிகாரிகளின் உதவியாளர்கள் தங்கள் சாருக்கு இடம்பிடிக்க முந்திக்கொண்டு டயல் செய்தார்கள். சார்களும் தங்கள் கைபேசியில் வந்து சேர்ந்தார்கள். துண்டை யாரும் எடுக்கவில்லை. மூன்றே நிமிடத்தில் பத்தும் நிரம்பின. மெஷின் ரூம்காரருக்குக் கிடைத்தது 'டொய்ங் டொய்ங்' மட்டும்.

முகத்தில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு மூன்று மாடி ஏறி அக்காவிடம் ஓடிவந்தார். "பின்னாடி ஆள் இருக்கா, இல்லையா?"

அந்நேரம் அழைப்பில், விஷயத்தை முதலாளியிடம் யார் சொல்வது என்று விவாதம். முதலாளியும் அந்த அழைப்பில்தான் இருந்தார்.

அக்கா ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார்; பின்னால் ஆள் இல்லை. வந்த வழியே இறங்கி ஓடி வாயுவைத் திறந்துவிட்டார். மூன்று வாரம் இருமினார்.*

* அவர் போன் அக்காவின் கொழுந்தன். இதை அடிக்குறிப்பில் ஒளிக்கப் பார்த்தேன். அடுத்த பகுதி விடவில்லை.

3

புது போன் சிஸ்டம் வருகிறது. இனி பெயர் கொடுத்தவருக்கு மட்டும் இணைப்பு. துண்டு போட முடியாது. பத்துக்குக் கையெழுத்தாகிவிட்டது. மாலை ஐந்துக்குள் பத்துப் பெயர்களை எழுதி அனுப்ப வேண்டியது அக்கா.

"மெஷின் ரூமுக்கு ஒண்ணு கட்டாயம் சார்," என்றார் கூட்டத்தில்.

கணக்கர் கண்ணாடியைக் கழற்றினார். "மெஷின் ரூமுக்கா, உங்க கொழுந்தனுக்கா?"

"மெஷின் ரூமுக்கு."

"அங்க இருக்கிறது யாரு?"

"அவர்தான்."

"அப்ப நான் சரியாத்தான் கேட்டிருக்கேன்."

கொழுந்தனை 'யாரோ ஒருவர்' என்று மாற்றி எழுதிப் பார்த்தேன். அக்கா இரண்டே வரியில் ஜெயித்தார், கதை படுத்துவிட்டது. திரும்பக் கொழுந்தனாக்கினேன்.

முதலாளி கணக்கரை அடக்கினார். "மெஷின் ரூம் இருக்கட்டும்யா. ஆனா ஒண்ணும்மா, எனக்கு இடது காது சுத்தம், வலது அரைகுறை. உதவியாளர் பக்கத்துல எழுதிக் காட்டாம எனக்கு ஒரு வார்த்தை விளங்காது. அவர் பேரையும் போட்டுடு."

நல்ல மனிதர். கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு வேலை மிச்சம்.

"பதினொண்ணு ஆகுதே சார்."

"பாத்துச் செய்ம்மா," என்று எழுந்துவிட்டார்.

4

முடிவு, அ: அக்கா தன் பெயரை அடிக்கிறார். [கைவிட்டேன். தியாகி வாடை. பேசிய பேச்சு மாறக் கூடாது.]

முடிவு, ஆ: எட்டு அதிகாரிகளில் ஒருவரை வெட்டலாமே என்பீர்கள். தாராளமாக. யார் என்று முடிவுசெய்து, அவர் அறைக்குப் போய் நீங்களே சொல்லிவிட்டு வாருங்கள். நான் வெளியே நிற்கிறேன்.

முடிவு, இ: அக்கா கீழே போன் போட்டார்.

"உன் பேரை எழுதிடறேன். நான் வெளிய இருந்துக்கறேன்."

"நல்லா இருக்கு அண்ணி. நீங்க லைன்ல இல்லன்னா அந்த எட்டுப் பேர் வாயை யார் அடைப்பா? அந்த இரைச்சல்ல நான் எதைக் கேக்கறது?"

"அப்ப நீ?"

"ஓடி வர்றேன். மூணு மாடிதானே, வழி தெரியும்." பிறகு ஓர் இருமல். "தூசி அண்ணி. வேற ஒண்ணுமில்ல."

இது முடிவில்லை என்று எனக்கே தெரிகிறது. அக்கா கடைசியில் எந்தப் பெயரை எழுதினார் என்பதும் தெரியும்; நான் கொடுத்த விலையில் அது அடக்கமில்லை என்று சொல்லிவிட்டார். மணி நாலு ஐம்பது. பேனா உங்களிடம் இருக்கிறது.

இணைப்பு பத்து. அதிகாரிகள் எட்டு. முதலாளியின் காது ஒன்று. மீதி ஒன்று. ஆள் இரண்டு.