செருகிய போர்வை

தங்கை பாத்ரூம் கதவைச் சாத்தியதுதான் தாமதம், அக்கா கட்டில் மேல் பாய்ந்தாள்.

போர்வையை உதறினாள். இழுத்தாள். ஓரங்களை மடித்து மெத்தைக்கு அடியில் செருகினாள். காசைச் சுண்டிப் போட்டால் துள்ளும், அத்தனை விறைப்பு. பெரிய ஹோட்டலில் அறைகளைச் சரிபார்க்கும் சூப்பர்வைசருக்கு அது கைப்பழக்கம்.

வாசலில் நின்ற கணவர் சிரித்தார். "இன்ஸ்பெக்டர் மேடம், அவ வயித்துல தையலோட வந்திருக்கா. இப்ப திரும்பி வந்து அதுலயேதான் படுக்கப் போறா."

"கசங்கிக் கிடந்தா எப்படிங்க? யாராவது பாக்க வந்தா?"

"யாரு வரப் போறா?"

யாரும் வருவதாக இல்லை. ஆனாலும் தங்கை வந்ததிலிருந்து ஜன்னல் கம்பி, மின்விசிறி இறக்கை, கதவின் மேல்விளிம்பு என்று அக்கா எதையும் துடைக்காமல் விட்டுவைக்கவில்லை. ஆபரேஷன் ஆனவளுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்தது ஓய்வு. அக்கா வீட்டில் அது ஒன்றுதான் கிடைக்கவில்லை.

சமையலறைச் சுவரில் எண்ணெய்ப் பிசுக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது அந்தக் குரல் கேட்டது.

"மாமா..."

அக்கா என்று கூப்பிடவில்லை. அக்காதான் ஓடினாள்.

தங்கை கட்டிலோரம் குனிந்து நின்றாள். ஒரு கையில் போர்வை நுனி. செருகியதை உருவ, மூச்சைப் பிடித்து இழுத்திருக்கிறாள். இன்னொரு கை வயிற்றில். விரலிடுக்கில் சிவப்பு.

"மன்னிச்சுக்கக்கா," என்றாள் தங்கை. "விரிப்புல பட்டுடுச்சு."



ஆஸ்பத்திரியில் மறுபடி தைத்து அனுப்பினார்கள். டாக்சியில் ஏறியதும் தங்கை தன் வீட்டு முகவரியைச் சொன்னாள்.

"தனியா எப்படி இருப்ப?"

"உன் மேல கோபம் இல்லக்கா. உன் வீட்ல மூச்சு விட்டாக்கூட மடிச்சு வெச்சுட்டுத்தான் விடணும் போல இருக்கு."

மறுநாள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு அக்கா அங்கே போனாள். கதவு வெறுமனே சாத்தியிருந்தது. நாற்காலியில் துணி மலை. தொட்டியில் கழுவாத பாத்திரம். தங்கை கசங்கிய போர்வைக்குள் கிடந்தாள்.

அக்காவின் கை தானாகத் துணி மலைக்குப் போனது.

"அக்கா. கை."

கை திரும்பி வந்தது.

"நான் என்னதான் செய்யட்டும்?"

"ஒண்ணும் செய்யாத. உக்காரு."

"எவ்வளவு நேரம்?"

"நான் தூங்கற வரைக்கும்."

துணி மலை மேலேயே உட்கார்ந்தாள். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டாள். எங்கேயோ குழாய் சொட்டியது. அவள் அசையவில்லை. பல்லைக் கடித்தாள்.

தங்கை கண்ணை மூடவில்லை. அந்தக் கைகள் எப்போது வெளியே வரும் என்று பார்த்துக்கொண்டே கிடந்தாள்.