உச்சித் தட்டில் இரண்டு பேர்

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்களாகக் கண்டுபிடித்து என்னைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம்.

எங்கள் ஒழுங்கையில் நாலு வீடு தள்ளி இருக்கிற மைமூனா டீச்சர் ஏதோ பயிற்சிக்குப் போய் ஓர் இங்கிலீசுச் சொல்லோடு திரும்பி வந்தார். ஸ்கஃபோல்ட். கட்டடத்தைச் சுற்றிக் கம்பு நட்டு, பலகை போட்டு, மேசன் நின்று பூசக் கட்டுகிறோமே, அந்தச் சாரத்துக்கு* அதுதான் பெயராம். பிள்ளைக்குக் கணக்குப் பழக்கும்போது கொஞ்ச நாள் கைகொடுத்துப் பிறகு மெல்ல விலகுகிறோமே, அதற்கும் அதுவாம். முந்தி ஆளைத் தூக்கில் போட ஏற்றிய மேடைக்கும் அதுவேயாம்.

“மூண்டுக்கும் ஒண்டா?” என்றேன்.

“ஓம் அக்கா. வெள்ளைக்காரனுக்குச் சொல்லுப் பஞ்சம் போல.”

அவர் சிரித்துக்கொண்டு போய்விட்டார். எனக்கு வயிறு எரிந்தது. ஒரு சொல் செய்கிற வேலையைச் செய்ய எனக்கு ஒரு முழுக்கதை வேண்டியிருக்கிறது.

(*உடுக்கிற சாரம் இல்லை, பிள்ளைகளே. அதுவும் கதையில் உண்டு, என் கதைநாயகன் வீரக்குட்டி மடித்துக் கட்டியிருப்பார். அதை விட்டுவிடுங்கள்.)

2

முதல் தொடக்கம்: “திருகோணமலைத் துறைமுகத்தின் நீல நீரில் காலைக் கதிரவன்...” வேண்டாம். வீரக்குட்டி கடலை ஒருநாளும் அப்படிப் பார்த்ததில்லை.

இரண்டாவது: எண்பத்தெட்டாம் ஆண்டு. சண்டையில் எரிந்த கடைகளைத் திருப்பிக் கட்டத் தொடங்கியிருந்தார்கள். வெருகல் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்த வீரக்குட்டிக்கு, துறைமுகத்தைப் பார்த்த ஒரு மாடிக்கடைக்குச் சாரம் கட்டுகிற வேலை கிடைத்தது. அவர் மனைவி சிவகாமிப்பிள்ளை அதே இடத்தில் சீமெந்து குழைத்து இரும்புத் தாச்சியில் அள்ளிக் கொடுத்தாள். மேலே நின்று பூசிய மேசன் கனகரத்தினம், சாம்பல்தீவு ஆள்.

இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்வோம்.

வீரக்குட்டியை முதலில் சுட்டது ஆறின தேநீர். பத்து மணிக்குச் சிவகாமி தேத்தண்ணியை வாளியில் வைத்துக் கயிற்றில் இழுத்து ஏற்றுவாள். வாளி நேரே உச்சித் தட்டுக்குப் போகும். கனகரத்தினம் குடித்து, பாட்டொன்றும் பாடி முடித்து, மிச்சத்தை இறக்குவான். இடைத்தட்டில் நிற்கிற வீரக்குட்டியிடம் வரும்போது அதில் சூடு இருக்காது.

“மேல நிக்கிறவருக்கு முதல் போகுது. வாளிய ரெண்டு தரம் இழுக்க ஏலுமே?” என்றாள் சிவகாமி, அவர் குறைப்பட்டபோது.

“எனக்கு ஆறினதே போதும்.”

“அப்ப நாளைக்குப் பச்சைத்தண்ணி விடுறன். எனக்கு விறகும் மிச்சம்.”

பிறகு அந்தக் கூப்பாடு. கனகரத்தினம் தொடக்கத்தில் “தங்கச்சி, சீமெந்து” என்றுதான் கூப்பிட்டவன். ஒருநாள் மேலேயிருந்து, “இஞ்சேருங்கோ, சீமெந்து” என்றான்.

புருசனும் பெண்சாதியும் பெயர் சொல்லாமல் ஒருவரையொருவர் கூப்பிடுகிற சொல் அது. சிவகாமி திரும்பிப் பார்த்தாள். வீரக்குட்டியின் கையிலிருந்த கயிறு அப்படியே நின்றது.

(அவன் ஒன்றும் நினையாமல் சொல்லியிருப்பான். நான்தான் அந்தச் சொல்லை அவன் வாயில் வைத்தேன். ஏனென்றால், இந்தக் கதையைச் சொல்லிப் பார்த்த வீடுகளில் எல்லாருக்கும் கனகரத்தினத்தைத்தான் பிடித்தது. பாடுகிறான், பகிடி விடுகிறான். என் வீரக்குட்டியைப் பற்றி ஒருத்தரும் கேட்கவில்லை. எனக்கும் எரிச்சல் வராதா?)

3

சாரம் கட்டுகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. இரவில் கட்டுகள் நெகிழும். ஆகையால் காலையில், சாரத்தைக் கட்டினவனே முதலில் ஏறி, ஒவ்வொரு தட்டையும் மிதித்துப் பார்த்து, “வரலாம்” என்று குரல் கொடுக்க வேண்டும். அதுவரை மேசன் ஏணியில் கால் வைக்கமாட்டான்.

பின்னேரம் இராணுவக் காவலரணிலிருந்து விசில் ஊதினால் உயரத்தில் ஒருவரும் நிற்கக்கூடாது. அந்தக் கூப்பாடு கேட்ட அன்றும் விசில் ஊதியது. எல்லாரும் இறங்கினார்கள். வீரக்குட்டி இறங்கவில்லை. உச்சித் தட்டில் கனகரத்தினம் வழக்கமாக நிற்கிற கடற்பக்கத்து முனைக்குப் போய், முடிச்சை அவிழ்த்தார். பல சுற்று வர வேண்டிய இடத்தில் ஒரே ஒரு சுற்று மட்டும் போட்டு, நுனியைச் செருகிவிட்டு இறங்கினார்.

டீச்சர் மூன்றாவதாகச் சொன்ன அந்தத் தூக்குமேடை இதுதான். மரம், பலகை, கயிறு, நாளைக்கு ஏறப்போகிற ஒருவன்.

வீரக்குட்டி ஒரு கொலை...

(இந்த வசனத்தை முடிக்க எனக்கு மனம் வரவில்லை.)

4

மறுநாள் காலையை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில், வீரக்குட்டி தானே அந்த முனையில் கால் வைத்து விழுகிறார். வாசித்தால் வழக்குத் தீர்ப்பு மாதிரி இருந்தது. கிழித்தேன். இன்னொன்றில் ஏதோ அலுவலாகச் சிவகாமி ஏறுகிறாள். அவள் ஏணியில் கை வைத்ததும் பேனையை மூடிவிட்டேன்.

மிஞ்சியது இது.

வீரக்குட்டி ஏறினார். நகரப் பக்கத்து முனையை மட்டும் மிதித்தார். குரல் கொடுக்க வாயைத் திறந்தால், கனகரத்தினம் ஏணியில் பாதி வந்துவிட்டான்.

“நான் இன்னும் சொல்லேல்லயே.”

“நீங்கள் கட்டினதுதானே மச்சான். உங்கட கட்டுக்கு நான் ஏன் கீழ நிண்டு காவல் இருக்கவேணும்?”

அதுவும் வீரக்குட்டியைச் சுட்டது. என்னை நம்புவதற்கு இவன் யார்? கனகரத்தினம் தட்டில் ஏறி, கரண்டியை எடுத்துக்கொண்டு கடற்பக்கம் திரும்பினான்.

“அங்கால போகாத.”

“ஏன்?”

“கட்டு இளகிக் கிடக்கு.”

“பனிக்கோ?”

கனகரத்தினம் குனிந்து பார்த்தான். பனி இளக்கின கட்டுக்கும் கை அவிழ்த்த கட்டுக்கும் உள்ள வித்தியாசம் எந்த மேசனுக்கும் தெரியும். பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு கரண்டியைப் பலகையில் வைத்தான்.

“கயிறைச் சுத்துங்கோ. நான் மரத்தைப் பிடிக்கிறன்.”

வீரக்குட்டி சுற்றினார். கனகரத்தினம் முழங்காலை முட்டுக்கொடுத்து, தன் உயிருக்கான கயிற்றைத் தானே இழுத்து இறுக்கினான்.

“தங்கச்சிக்குத் தெரியுமே?”

“இல்ல.”

“தெரியவேண்டாம். மனம் உடைஞ்சு போகும்.”

வீரக்குட்டி தலையாட்டினார். அந்த நேரத்திலும் உள்ளே ஒன்று கேட்டது: அவள் மனம் உடைவதைப் பற்றி இவனுக்கு ஏன் இவ்வளவு கவலை?

5

இங்கே முடித்திருப்பேன். ஆனால் அந்த நேரம் பார்த்துச் சிவகாமி நிமிர்ந்தாள். தாச்சியை இடுப்பில் வைத்து, வெயிலுக்குக் கையைக் குடையாகப் பிடித்து, மேலே பார்த்துச் சிரித்தாள். மேலே இரண்டு ஆண்கள், தோளோடு தோள், ஒரே கயிற்றில் கை.

அவள் பார்ப்பது யாரை என்று வீரக்குட்டிக்குத் தெரியவில்லை. அவளை எழுதின எனக்காவது தெரியவேண்டும். தெரியவில்லை. கேட்டேன், சொல்கிறாளில்லை.

நீங்கள்தான் கீழே அவளுக்குப் பக்கத்தில் நிற்கிறீர்கள், பிள்ளைகளே. அந்த முகம் உங்களுக்குத் தெரியும். பார்த்து என்னிடம் மெதுவாகச் சொல்லுங்கள். கத்திச் சொல்லிவிடாதீர்கள். அந்த மனிசன் இன்னும் மேலேதான் நிற்கிறார்.