மரக்கரண்டியும் இருநூற்று முப்பது வோல்ட்டும்

எல்லோருக்கும் மூச்சு ஓசியில் வருகிறது. எனக்கு மட்டும் காலையும் மாலையும் நெபுலைசர் மெஷின் முன்னால் மாஸ்க் போட்டு உட்கார்ந்து மருந்தை இழுத்தால்தான் வரும். அப்படியிருந்தும் மகள் வெளிநாட்டில் குடித்தனம் வைத்து நாலு வருஷம் நாங்கள் அங்கே எட்டிப் பார்க்காததற்கு என் நுரையீரல் காரணமில்லை. காரணம் என் வீட்டுக்காரர்.

அவர் வயர்மேன். என்னோடு குடித்தனம் நடத்தியதைவிட கரண்ட்டோடு நடத்தியதுதான் அதிகம். நாங்கள் குடியேறிய நாட்டில் கரண்ட் நூற்றுப் பத்து வோல்ட்தான். மகள் இருக்கும் ஊரில் இருநூற்று முப்பது. “ரெண்டு மடங்குடி. உன் மெஷின் ஒரு நிமிஷம் தாங்காது. அப்புறம் நீ எதை வச்சு மூச்சு விடுவ?” என்று நாலு வருஷமும் இதையே பாடினார். மகள் போனில் அழுத பிறகுதான் இறங்கி வந்தார். ஒரு மாதம் கடை கடையாக ஏறி, அந்த ஊர்ச் சுவரில் பொருந்துகிற மூன்று பின் அடாப்டர் ஒன்றும், வோல்ட்டைக் குறைக்கும் கன்வெர்ட்டர் ஒன்றும் வாங்கினார். கன்வெர்ட்டர் செங்கல் கனம். அதன் விலாவில் ஒரு சின்னச் சுவிட்ச். ஒரு பக்கம் தள்ளினால் 50 வாட், மறுபக்கம் தள்ளினால் 1600.

கல்யாணமான புதிதில் மற்ற புருஷன்மார் என்னென்னவோ பேசுவார்களாம். இவர் எனக்குச் சொன்னது இதுதான்: “யாருக்காவது ஷாக் அடிச்சா கையால தொட்டுடாத. தொட்டா ரெண்டு உசுரும் போயிடும். காய்ஞ்ச கட்டையால தட்டி விடு. எனக்கே அடிச்சாலும் அதான்.”

“எவ்ளோ பலமா தட்டலாம்?” என்று ஆசையாகக் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. கரண்ட் விஷயத்தில் அவருக்குச் சிரிப்பே வராது. எங்கள் வீட்டில் மெயின் பாக்ஸ் பக்கத்தில் ஒரு கட்டை எப்போதும் தொங்கும். மகள் வீட்டில் கட்டை எதுவும் கிடைக்காததால், வந்த அன்றே சமையலறையில் இருந்த மரக்கரண்டியைக் கொண்டுவந்து பிளக் பக்கத்தில் மாட்டினார். மாப்பிள்ளை சமைக்கும்போது அதைத் தேடினார், கூடத்துச் சுவரில் கண்டுபிடித்தார், ஒன்றும் கேட்காமல் ஸ்பூனால் கிளறிக்கொண்டார். நல்ல பிள்ளை.

என் மெஷின் வயரின் நடுவில், சுவர்க் கரண்ட்டை மெஷினுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் ஒரு கறுப்பு டப்பா உண்டு. அதன் அடியில் பொடி எழுத்தில் 100-240 என்று போட்டிருந்ததை முதல் நாளே பார்த்துவிட்டேன்.

“ஏங்க, இதுல இருநூத்தி நாப்பது வரைக்கும்னு போட்டிருக்கே. கன்வெர்ட்டர் எதுக்கு?”

“எழுதறவன் எழுதுவான். வெடிச்சா எழுதினவனா வந்து நிப்பான்?” என்றார். முப்பது வருஷம் ஒரு வீட்டில்கூட விபத்து வராமல் வேலை பார்த்த மனுஷனிடம் நான் என்ன வாதாடுவது?

இரண்டு நாள் 50-இல் வைத்து நன்றாகத்தான் ஓடியது. ஆனால் கன்வெர்ட்டர் லேசாகச் சூடானது. அதை அவர் அடிக்கொரு தரம் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். ஜுரம் வந்த குழந்தையை நான்கூட அப்படித் தொட்டதில்லை. அவர் தொழிலில் ஒயர் சூடானால் ஒரே அர்த்தம்தான்: கொள்ளளவு பற்றவில்லை, பெரியதாகப் போடு. வாடிக்கையாளர்களிடம் அவர் தவறாமல் சொல்வது, “பெருசாப் போட்டுக் கெட்டவன் கிடையாது.”

மூன்றாம் நாள் மகளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போன பிறகு, பதினொரு மணி இருக்கும், கீழ்மாடியில் யாரோ கதவுக்குப் பெயின்ட் அடித்தார்கள். அந்த வாசனை படியேறி வந்து என் நெஞ்சில் உட்கார்ந்தது. மூச்சில் விசில் சத்தம் ஆரம்பித்தது. நான் மாஸ்க்கை மாட்டினேன். அவர் கன்வெர்ட்டரின் சுவிட்சை 1600 பக்கம் தள்ளினார்.

மெஷின் வழக்கமாக முனகும். அன்று உறுமியது. நான் கையை ஆட்டினேன். அவர் குனிவதற்குள் டப் என்று ஒரு சத்தம். கறுப்பு டப்பாவிலிருந்து புகை கிளம்பியது. வயரைப் பிடுங்கினார். மெஷின் நின்றது. ரப்பர் எரிந்த நாற்றம் ஏற்கெனவே அடைத்திருந்த நெஞ்சுக்குள் போனது.

பயம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். தெரியாது. மூச்சை வெளியே விட முடிகிறது, உள்ளே இழுக்க இடமில்லை. செத்துப்போய்விடுவேன் என்று தோன்றவில்லை. இதோ செத்துக்கொண்டிருக்கிறேன் என்றே தோன்றியது.

“பஃப்... பஃப்...” என்றேன். கைப்பையைக் கவிழ்த்துக் கொட்டினார். அவசரத்துக்கு வாயில் அடித்துக்கொள்ளும் பஃப் இல்லை. முந்தின நாள் மாலை மகளின் காரில் வைத்தது நினைவுக்கு வந்தது. மகளுக்குப் போன் போட்டார். அடித்து அடித்து ஓய்ந்தது. மாப்பிள்ளையின் போன் அணைந்திருந்தது. கம்பம் ஏறி அந்தரத்தில் நின்று ஒயர் சேர்க்கிற மனுஷனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

“எதிர்ல... மருந்துக் கடை...” என்று ஜன்னலைக் காட்டினேன்.

ஜன்னலைத் திறந்து என்னை அதன் பக்கத்தில் உட்காரவைத்து, எரிந்த டப்பாவை மெஷினிலிருந்து கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, வீட்டுக் கதவைத் திறந்தபடியே விட்டுச் செருப்பில்லாமல் ஓடினார். லிஃப்டுக்குக்கூடக் காத்திருக்கவில்லை, ஐந்து மாடியும் படியில் அவர் கால்சத்தம் கேட்டது.

அப்புறம்தான் மேஜையைப் பார்த்தேன். சாவி அங்கேயே இருந்தது. அந்தக் கட்டிடத்துத் தெருக்கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும். வெளியே போனவர் உள்ளே வரவேண்டுமானால், கீழே மணி அடித்து, நான் இங்கே வாசல் பக்கத்துப் பொத்தானை அமுக்க வேண்டும். ஜன்னலிலிருந்து அந்தப் பொத்தான் பத்தடி தூரம் இருக்கும்.

எழுந்தேன். கண் இருட்டியது. உட்கார்ந்துவிட்டேன். அப்புறம் தவழ்ந்தேன். ஐம்பத்தாறு வயசில் தவழ்ந்தேன். நான் போய்ச் சேரும் முன் மணி அடித்து, யாரும் திறக்கவில்லை என்று அவர் கீழேயே நின்றுவிட்டால்? நான் இங்கே, அவர் அங்கே, நடுவில் ஐந்து மாடி. அவர் பெயரைக் கூப்பிட வேண்டும்போல் இருந்தது. பேருக்குக்கூட மூச்சில்லை.

மணி அடித்தபோது எனக்கும் பொத்தானுக்கும் நடுவே ஒரு கை தூரம். மறுபடி அடித்தது. விடாமல் அடித்தது. சுவரைப் பிடித்து முட்டிபோட்டு எழுந்து, பொத்தானை அமுக்கி, அதன்மேலேயே சாய்ந்தேன்.

அவர் மருந்துக் கடையின் வெள்ளைக் கோட்டுப் பெண் ஒருத்தியை முன்னால் விட்டு வந்தார். எங்கள் பாஷை அவளுக்குத் தெரியாது. இவர் எரிந்த டப்பாவைக் காட்டி, நெஞ்சைப் பிடித்து நடித்துக் காட்டினாராம். பார்த்ததும் பஃப்பையும் அதற்கான பிளாஸ்டிக் குழாயையும் எடுத்துக்கொண்டு அவள் கூடவே ஓடி வந்துவிட்டாள். குழாயை என் வாயில் வைத்தாள். அமுக்கினாள். எண்ணினாள். திரும்ப அமுக்கினாள். ஆறாவது தடவைக்குப் பிறகு காற்று ஒரு வாய் உள்ளே போனது. அழுதேன். அழுவதற்கும் மூச்சு வேண்டும், அது இருந்தது.

அந்தப் பெண் டப்பாவை வாங்கித் திருப்பினாள். 100-240 என்ற எழுத்தின் கீழே நகத்தால் கோடு இழுத்து அவரிடம் காட்டினாள். கன்வெர்ட்டரைச் சுட்டி வேண்டாம் என்று விரலை ஆட்டினாள். மூன்று பின் அடாப்டரைச் சுட்டி, இது மட்டும் போதும் என்று தலையசைத்தாள். அதற்குப் பாஷை எதற்கு? அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் முதல் நாளே சொன்னேனே என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்து விழுங்கினேன்.

மகள் ஓடி வந்து ஒரு டாக்டரிடம் காட்டிக் கூட்டிவந்தாள். மாப்பிள்ளை கன்வெர்ட்டரோடு வந்த காகிதத்தைப் படித்தார். 1600 என்பது இஸ்திரிப்பெட்டி போன்ற சூடாக்கும் சாமான்களுக்கு மட்டுமாம்; அந்தப் பக்கம் வரும் கரடுமுரடான கரண்ட் என் டப்பா மாதிரிச் சாமான்களைப் பொசுக்கிவிடுமாம். மெஷின் தப்பித்தது, டப்பாதான் போனது. மகள் ஊரிலிருந்து வந்தபோது கொண்டுவந்த பழைய டப்பா ஒன்று அலமாரியில் கிடந்தது. என் மெஷினுக்குப் பொருந்தியது. அதிலும் 100-240.

அவர் அதை மீட்டரில் வைத்து அளந்தார். என் கண்ணாடியை வாங்கிப் போட்டு எழுத்தை மூன்று தடவை படித்தார். மாலை ஆகிவிட்டது; எனக்கு மருந்து இழுக்கும் நேரம். டப்பாவை மூன்று பின் அடாப்டரில் செருகி, அடாப்டரைச் சுவரில் செருகினார். சுவிட்சில் விரலை வைத்தார். விரல் அங்கேயே நின்றது.

“என்னால முடியலடி” என்றார்.

“அப்பா, நான் போடறேன்” என்றாள் மகள்.

“என் மூச்சு, நானே போட்டுக்கறேன். தள்ளுங்க எல்லாரும்” என்றேன். பெரிய வீராங்கனை மாதிரி சொன்னதோடு சரி. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அந்த வெள்ளைச் சுவிட்ச் காலையில் கேட்ட சத்தத்தை வாயில் அடக்கிக்கொண்டு என்னைப் பார்த்தது.

அவர் மரக்கரண்டியைக் கழற்றி இரண்டு கையாலும் பிடித்து என் பக்கத்தில் வந்து நின்றார். நான் மாஸ்க்கை மாட்டினேன். விரலைச் சுவிட்சில் வைத்தேன்.

கரண்டி தரையில் விழுந்தது. அவர் என் இடது கையைப் பிடித்துக்கொண்டார், இறுக்கமாக, விரலோடு விரல் கோத்து.

“என்ன பண்றீங்க? தொடக்கூடாதுன்னு நீங்கதானே...”

“தெரியும். போடு.”

போட்டேன். மெஷின் பழையபடி முனகியது. மருந்து வந்தது. கால்மணி நேரம் ஆகும் அதற்கு. அவர் கையை விடவில்லை.