வளவனின் நோட்டு

செந்தாமரை, பந்தலில் கிடத்தியிருந்த தம்பியின் நகக்கண்ணில் ஏறியிருந்த கரியைத் தீக்குச்சியால் எடுத்துக்கொண்டிருந்தாள். வலது கையில் மூன்று விரல் முடிந்திருந்தது. உமிச்சாம்பல். ஆறு வருடமாக அவன் கையை விட்டுப் போகாதது.

"குளிப்பாட்டியாச்சேம்மா, விடு" என்றார் பெரியப்பா நல்லக்கண்ணு. அவள் விடவில்லை.

வளவனுக்கு இருபத்தொன்பது வயது. தஞ்சாவூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் கெமிக்கல் இன்ஜினியரிங் துறை ஆராய்ச்சி மாணவன். திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில் அவர்கள் தெருவுக்குப் பின்னால்தான் அரிசி மில். நெல் ஊறவைத்த தண்ணீரை வாய்க்காலில் திறந்துவிடுவார்கள். அக்காளும் தம்பியும் அந்த நாற்றத்தில்தான் சோறு தின்று வளர்ந்தார்கள். மில்லில் மிஞ்சும் உமிச்சாம்பலைக் கொண்டே அந்தத் தண்ணீரைத் தெளியவைத்துவிடலாம் என்பதுதான் அவனுடைய ஆராய்ச்சி. போன மாதம் அது கைகூடியது. எழுபத்திரண்டு மணி நேரம் நிறுத்தாமல் ஓட்டிக் காட்ட வேண்டியதுதான் பாக்கி. ஓட்டத்தைத் தொடங்கிய அன்றே அவனுக்குக் காய்ச்சல் கண்டது.

செந்தாமரை தஞ்சாவூரில் தனியார் ஆஸ்பத்திரி நர்ஸ். அவளுடைய ஆஸ்பத்திரிக்கே அவனைத் தூக்கிக்கொண்டு வந்தபோது பிளேட்லெட் எட்டாயிரம். டெங்கு. "ரெண்டு நாள் முன்னாடி கொண்டு வந்திருந்தா..." என்று ஆரம்பித்த டாக்டர் அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். அந்த வாக்கியத்தை அவளே எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறாள்.

அவள் அவனுடைய போனைத் திறந்து பார்த்தது அதற்குப் பிறகுதான். 'சார், காய்ச்சல் நூத்தி மூணு. டாக்டர்கிட்ட போயிட்டு வந்துடறேன்.' அதற்கு அவனுடைய வழிகாட்டி, பேராசிரியர் ராஜராஜன் அனுப்பிய பதில்: 'ரன் முடியட்டும். அப்புறம் டாக்டர்.'

பதினோரு மணிக்குச் சபிஹா வந்தாள். வளவனோடு அதே ஆய்வகத்தில் வேலை பார்ப்பவள். அந்த வாரம் நாகப்பட்டினத்து வீட்டுக்குப் போயிருந்தாள். "நான் ஊருக்குப் போகாம இருந்திருந்தா அவனை மாத்தி விட்டிருப்பேன்கா" என்று சொல்லி அழுதாள். பிறகு கைப்பையைத் திறந்து, பச்சை அட்டை போட்ட தடித்த நோட்டு ஒன்றைப் பாதி மட்டும் வெளியே எடுத்துக் காட்டினாள்.

"அவன் ஒளிச்சு வைக்கற எடம் எனக்கு மட்டுந்தான் தெரியும், எடுத்துட்டு வந்தேன். இதை யாருகிட்டயும் குடுக்காதன்னு சொல்லியிருந்தான்."

மூன்று வருடத்துக்கு முன்னால் அவன் கம்ப்யூட்டரில் ஏற்றிய கணக்கெல்லாம் ராஜராஜன் பேரிலும் அவர் மருமகன் பேரிலும் கட்டுரையாக வந்தது. கடைசியில், நன்றி சொல்லும் இடத்தில் வளவன் இருந்தான். அன்றிலிருந்து எந்த அளவையும் அவன் இந்த நோட்டுக்கு வெளியே எழுதவில்லை.

சற்று நேரத்தில் ராஜராஜனே வந்தார். துறையின் பேர் எழுதிய மலர்வளையத்தை இரண்டு மாணவர்கள் பிடித்திருந்தார்கள். அவர் உள்ளே வராமல், செருப்பைக் கழற்றிவிட்டு, செந்தாமரையைக் கைகாட்டி மாட்டுக்கொட்டகை ஓரமாகக் கூப்பிட்டார்.

"எங்க எல்லாருக்குமே பெரிய இழப்பும்மா. என் பையன் மாதிரி."

அவள் விரலில் ஒட்டியிருந்த கரியை முந்தானையில் துடைத்தாள்.

"இந்த நேரத்துல கேக்கக் கூடாதுதான். அவன்கிட்ட ஒரு லேப் நோட்டு இருக்கும், பச்சை அட்டை. ஹாஸ்டல் ரூம்ல காணோம். திங்கட்கிழமை டெல்லியிலேருந்து ரிவ்யூவுக்கு வராங்க."

"அதுல என்ன சார் இருக்கு?"

"எல்லாமே அதுலதாம்மா இருக்கு. எவ்வளவு சூட்டுல, எவ்வளவு சாம்பல்... கம்ப்யூட்டர்ல ஒண்ணுமே ஏத்தாம வச்சிருக்கான்."

"ஏன் ஏத்தலன்னு தெரியாதா சார்?"

அவர் கட்டுத்தறியைப் பார்த்தார். "அது டிபார்ட்மெண்ட் சொத்தும்மா. நாளைக்கு முறைப்படி லெட்டர் வரும், ஆள் வரும். உங்களுக்குத்தான் வீண் அலைச்சல். கட்டுரை வர்றப்ப அவன் பேரையும் போட்டுடறோம்."

"பேரையுமா?"

அவருக்குப் புரியவில்லை. "ஆமாம்மா. கண்டிப்பா."

செந்தாமரை பந்தல் பக்கம் திரும்பினாள். "தரேன். முன்னாடி வாங்க" என்றாள்.

உள்ளே போய்ச் சபிஹாவிடம் கையை நீட்டினாள். சபிஹா பையை மார்போடு இறுக்கிக்கொண்டாள். "வேணாம்கா. இது நம்மகிட்ட இருந்தா அவன் பேர்லயே நான் எழுதுவேன். எத்தனை வருஷம் ஆனாலும் எழுதுவேன்."

"நாளைக்கு லெட்டர் வருமாம்."

"வரட்டுமே. சண்டை போடலாம்."

செந்தாமரை நோட்டை வாங்கிப் புரட்டினாள். கடைசிப் பக்கங்களில் மணிக்கொரு தரம் குறித்த எண்கள். எழுத்து போகப் போகக் கோட்டை விட்டுக் கீழே சரிந்திருந்தது. விடியற்காலை நாலு மணிக்கு எழுதிய எண்ணை அவளால் படிக்கவே முடியவில்லை.

அவள் வெளியே வந்தாள். தெரு முழுக்கப் பந்தலில் நின்றது. தம்பியின் நெஞ்சில் நோட்டை வைத்தாள். அதன்மேல் அவன் இரண்டு கைகளையும் சேர்த்து வைத்து, கட்டை விரல்களைத் துணிக்கீற்றால் கட்டினாள். ஆஸ்பத்திரியில் பழகிய கை. முடிச்சு ஒரே தடவையில் விழுந்தது.

"எடுத்துக்கங்க சார்."

அழுகை நின்றது. தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அம்மா காளியம்மாள் நிமிர்ந்தாள். "என்னத்த எடுக்கச் சொல்ற?"

"தம்பி நோட்டும்மா. சார் வேணுங்கறாங்க."

காளியம்மாள் ராஜராஜனைப் பார்த்தாள். பந்தலே அவரைப் பார்த்தது. அவர் குனிந்து மலர்வளையத்தைக் கால்மாட்டில் வைத்தார். கண் மட்டும் நெஞ்சிலிருந்து இறங்கவில்லை.

"இருக்கட்டும்மா" என்றார். "இருக்கட்டும்."

ஒரு மணிக்குத் தூக்கினார்கள். ஐப்பசி மழை அப்போதுதான் விட்டிருந்தது. வாய்க்கால் கரைச் சேற்றில் பாடைக்கு இரண்டடி பின்னால் ராஜராஜன் நடந்துபோனார். செருப்பைப் போடவும் தோன்றவில்லை அவருக்கு. "பாடம் சொன்னவருக்கு எவ்வளவு பாசம் பாரு, வெறுங்காலோட போறாரு" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. செந்தாமரை தண்ணீர்க் குடத்தை எடுத்து வீட்டைக் கழுவத் தொடங்கினாள்.

மூன்று மணி வாக்கில், கொள்ளி வைத்த சித்தப்பா மகன் இளம்பரிதி ஆற்றில் முழுகிவிட்டு ஈரவேட்டியோடு வந்தான்.

"அந்த சார் கடைசி வரைக்கும் நின்னாருக்கா."

"ம்."

"வரட்டி அடுக்கறப்ப கிட்டக்க வந்துட்டாரு. நெஞ்சை மூடப் போறப்ப, நோட்டு பக்கமா கையை நீட்டினாரு. பெரியப்பா அவரும் வரட்டி வைக்கத்தான் கேக்கறாருன்னு நெனச்சு, கையில ஒண்ணைக் குடுத்துட்டாங்க."

செந்தாமரை குடத்தைக் கீழே வைத்தாள். "வச்சாரா?"

"எல்லாரும் பாத்துட்டிருந்தாங்கல்ல. வச்சாரு."

"நோட்டு மேலயா?"

"அதுக்கு மேலதான்."

"சரி. போய்த் துணியை மாத்து" என்றாள்.

சுவரோரம் உட்கார்ந்திருந்த சபிஹா எழுந்தாள். அழவில்லை. முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். "பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"ரெண்டு வாய் சாப்பிட்டுட்டுப் போ, சபிஹா."

சபிஹா அவளை நிமிர்ந்து பார்க்காமலே படி இறங்கினாள். தெருமுனை திரும்பும் வரை அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

வாசலில் தண்ணீர் தேங்கி நின்றது. செந்தாமரை துடைப்பத்தை எடுத்துத் தள்ளினாள். தரை அந்தப் பக்கம் மேடு. தள்ளத் தள்ளத் தண்ணீர் அவள் காலடிக்கே வந்துகொண்டிருந்தது.