வெள்ளைப் புறாத் தீவில் களை வெட்டியவள்

லூமுட் துறைமுகத்திலிருந்து மோட்டார் படகில் முக்கால் மணி நேரம் போனால் ஒரு குட்டித் தீவு. உலகத்தில் எத்தனையோ இடம் இருக்க, அந்த வெள்ளைப் புறாக்களுக்குக் கூடு கட்ட அதுதான் பிடித்திருந்தது. மனிதர்கள் சுட்டுத் தின்றது போக, 1981இல் மிஞ்சியது ஒன்பது ஜோடி. ஜோடிக்கு ஒரே குஞ்சு. பகல் காவலுக்கு இருளாயியை வைத்தார் பறவைச் சங்கத்து லூயிஸ்.

சித்தியவான் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் இருபது வருஷம் களை வெட்டியவள் அவள். தோட்டம் விற்றுப்போன பிறகும் அந்தக் கை சும்மா இருக்கப் பழகவில்லை. தீவில் கடல் மினுங்கும், புறாக்கள் தொண்டைக்குள் முனகும், அவளுக்குக் கண் சொக்கும். அந்தச் சொக்கலிலும் கூடுகளை மூடி மண்டிய கொடிகள் உறுத்தின. என்ன காடு இது, தலை வாராத பிள்ளை மாதிரி! குஞ்சுகளுக்கு மூச்சு முட்டாதா? பாராங் கத்தியை எடுத்தவள், ரப்பர் மரத்தடி போலத் துப்புரவாக வழித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள். தன் வேலையின் அழகைத் தானே ரசித்தாள்.

மறுநாள் லூயிஸும் கூட வந்தார். எட்டுக் கூடுகள் காலி. மேலே பருந்துகள் சாவகாசமாக வட்டமிட்டன.

மீன் பிடிக்க வந்தவர்கள்மேல் பழியைப் போட்டிருக்கலாம். இருளாயிக்கு அந்த வித்தை வராது.

"நாந்தாண்ணே வெட்டுனேன். சுத்தமா இருந்தா நல்லதுன்னு நெனச்சிட்டேன்."

"அந்தக் கொடிதாம்மா அதுங்களுக்குக் கூரை லா! இந்த ஒரு குஞ்சுதான் மிச்சம். தாயும் பயந்து ஓடிருச்சு. இந்த வெயில்ல சாயங்காலம் வரைக்கும் தாங்காது."

இருளாயி ஓடினாள். வெட்டிய கொடிகளை வாரி வந்து கட்டிப் பார்த்தாள், நிற்காமல் சரிந்தன. கூடு தோள் உயரம்தான். கொடிகளைத் தலையிலும் கைகளிலும் போட்டுக்கொண்டு, கூட்டின் மேல் நிழல் விழும்படி கைகளை நீட்டி நின்றாள்.

"நீங்க படகுக்குப் போயிருங்கண்ணே. ரெண்டு பேரு நின்னா தாய் வராது."

வெயில் ஏறியது. எறும்பு கடித்தது. கடலும் வானமும் ஒன்றாய்க் கலங்கி, தன் கால் மண்ணுக்குள் இறங்கிக்கொண்டே போவதாக அவளுக்குத் தோன்றியது. பருந்தின் நிழல் இரண்டு முறை மேலே வந்து போனது.

மதியம் தாண்டி, எதிர்க் கிளையில் வெள்ளையாக ஒன்று வந்து உட்கார்ந்தது. அவளை நெடுநேரம் பார்த்தது. பிறகு அவள் கைக்கு அடியில் நுழைந்து, குஞ்சின்மேல் அமர்ந்தது.

அழுகை முட்டிக்கொண்டு வந்தது இருளாயிக்கு. அழுதால் கை ஆடும் என்று அழாமல் நின்றாள்.